மரத்துண்டு இறக்க வளையமா, கப்பியா?

கேள்வி: உச்சிப்புளி பக்கம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து மரம் வெட்டும் வேலை பார்க்கிறோம். தென்னைதான் அதிகம். வேம்பு, பூவரசு, புளியும் வரும். வீட்டுக்கு மேலே நிற்கிற கிளையைப் படகுக் கப்பியில் நீலக் கயிறு போட்டு இறக்குவோம். போன மாதம் ஒரு தென்னந்துண்டை இறக்கும்போது கப்பியின் பின் (சக்கரம் சுழலும் அச்சாணி) வளைந்து, துண்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மோதிவிட்டது. துபாயில் இருக்கிற மச்சான் நாலு அலுமினிய வளையம் அனுப்பியிருக்கிறார். பெரிசு ரெண்டு, சின்னது ரெண்டு. சுழலுகிற பாகம் எதுவும் கிடையாது, நடுவில் ஓட்டை மட்டும். கப்பியை விட்டுவிட்டு இதற்கே மாறிவிடலாமா? அதே கயிறு போதுமா? அடுத்த வேலை தேவிபட்டினத்தில், ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்த வேப்பங்கிளை. அடியில் 25 செ.மீ. பருமன், 5 மீட்டர் நீளம்.

பதில்: மாறலாம், ஆனால் பாதி வேலைக்குத்தான். தென்னந்துண்டு இறக்க வளையம் நல்லது. தேவிபட்டினத்து வேம்புக்குக் கப்பி இல்லாமல் முடியாது. இந்த இரண்டையும் யோசிப்பதற்கு முன்னால் அந்த நீலக் கயிறு மாற வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் கரையில் பளபளப்பான கயிறு எல்லாவற்றுக்கும் 'நைலான் கயிறு' என்றுதான் பெயர். கடையிலும் அப்படித்தான் கேட்கிறோம், அப்படித்தான் தருகிறார்கள். ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் அது பாலிப்ராப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். மூழ்கினால் நைலான் அல்லது பாலியெஸ்டர். உங்கள் நீலக் கயிறு மிதக்கும் என்றே நினைக்கிறேன். வலைக்கும் படகுக்கும் மிதப்பதுதானே வேண்டும். பலத்தில் அது மோசமில்லை. 12 மி.மீ. புதுக் கயிறு அறுபட 2 டன் அளவுக்கு இழுவை வேண்டும். அதன் குறை சூட்டில்தான். பாலிஎத்திலீன் 130 டிகிரி செல்சியஸ் வாக்கிலும், பாலிப்ராப்பிலீன் 165 டிகிரி வாக்கிலும் உருகிவிடும். உருகுவதற்கு வெகு முன்பே இளகிப் பலம் குறையத் தொடங்கும். பாலியெஸ்டர் உருக 250 டிகிரி தாண்ட வேண்டும்.

சூடு எங்கிருந்து வரும் என்றால், வளையத்திலிருந்துதான். கப்பியில் கயிறும் சக்கரமும் சேர்ந்து ஓடும், தேய்ப்பு அச்சில் மட்டும். வளையம் அசையாமல் நிற்க, கயிறு அதன் மேல் உரசிக்கொண்டே இறங்குகிறது. 100 கிலோ துண்டு 6 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 6,000 ஜூல் சக்தி எங்காவது சூடாக மாறியே ஆக வேண்டும். அதில் பாதி வளையத்தில் மாறுகிறது. 100 கிராம் எடையுள்ள அலுமினிய வளையம் அந்தப் பாதியை முழுவதும் வாங்கிக்கொண்டால் 30 டிகிரிக்கு மேல் சூடு ஏறும். கொஞ்சத்தைக் கயிறு எடுத்துப் போகும், கொஞ்சத்தைக் காற்று எடுக்கும், சரி. ஆனால் மத்தியான வெயிலில் ஏற்கெனவே கை வைக்க முடியாமல் கிடக்கிற வளையத்தில், ஆறாமல் நாலைந்து துண்டை வேகமாக இறக்கினால் என்ன ஆகும்? உரசும் முகத்தில் கயிற்றின் மேல்புரி வழவழவென்று கண்ணாடி பூசினது போல ஆகிவிடும். தொட்டால் மொடமொடவென்று இருக்கும். அந்த இடம் இளகி மறுபடி இறுகின இடம். அந்தக் கயிற்றில் இனி எடை தொங்கவிடக் கூடாது.

அதனால் 12 அல்லது 13 மி.மீ. பின்னல் பாலியெஸ்டர் கயிறு, குறைந்தது 45 மீட்டர், ஒன்று வாங்கிவிடுங்கள். முறுக்குக் கயிறு வேண்டாம். மூன்று புரி முறுக்கு வளையத்தில் உரசும்போது பிரிந்து திரும்பும், தொங்கும் கிளையும் அதோடு சுழலும். நைலானும் வேண்டாம். எடை ஏறினால் அது நீளும். ஓட்டுக்கு ஒரு முழம் மேலே நிற்க வேண்டிய கிளை நீட்சியிலேயே ஓட்டில் உட்கார்ந்துவிடும். நனைந்தால் பலத்திலும் 10 முதல் 15 சதவீதம் குறையும். கயிற்றின் அறுபடும் பலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வழக்கமான சுமை ஏற்ற வேண்டாம்.

இப்போது வளையமும் கப்பியும் என்னென்ன செய்கின்றன என்று பார்ப்போம்.

100 கிலோ துண்டு ஒன்று கயிற்றில் தொங்குகிறது. கயிறு மேலே ஒரு கப்பியில் ஏறி நேராகக் கீழே வருகிறது. கப்பி நல்லதாக இருந்தால் கீழே பிடிப்பவர் ஏறத்தாழ 95 கிலோ பிடிக்க வேண்டும். அப்போது கப்பி கட்டிய கிளைக்கு வரும் பாரம் 195. நூறு கிலோ துண்டுக்கு இருநூறு கிலோ! பலர் தவறவிடுவது இந்தக் கணக்கைத்தான். அதே இடத்தில் வளையம் இருந்தால் உராய்வே பாதி எடையைப் பிடித்துக்கொள்ளும். கீழே பிடிப்பவருக்கு 50 சொச்சம், மேலே கட்டிய இடத்துக்கு 150 சொச்சம். கயிறு புதிதா பழையதா, ஈரமா காய்ந்ததா, வளையத்தின் உள்முகம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து முன்பின் ஆகும். ஆகவே சந்தேகமான மரத்தில், பாரம் குறைய வேண்டிய இடத்தில், வளையம் கூடுதல் நன்மை.

அதே உராய்வு தூக்கும்போது எதிராகத் திரும்பும். 100 கிலோவை வளையம் வழியாகத் தூக்கக் கீழே 200 கிலோவுக்கு இழுக்க வேண்டிவரும். கப்பியில் 105 போதும். இறக்க மட்டும் என்றால் வளையம், ஒரு சாண் தூக்கவேண்டும் என்றாலும் கப்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கப்பியின் பின் ஏன் வளைந்தது? குறை கப்பியில் மட்டும் இல்லை. தென்னைக்குக் கிளை கிடையாது. வெட்டும் துண்டுக்குக் கீழே, அதே மரத்தில்தான் கப்பியைக் கட்டியாக வேண்டும். 30 செ.மீ. பருமனில் 1.2 மீட்டர் துண்டு என்று வைப்போம். பச்சை மரத்துக்கு ஒரு கன மீட்டர் 1 டன் என்று கணக்கிட்டால் துண்டு 85 கிலோ. துண்டின் நடுப்பகுதி வெட்டுக்கு 60 செ.மீ. மேலே, கப்பி வெட்டுக்கு 30 செ.மீ. கீழே. துண்டு புரண்டு விழுந்து கயிறு விறைப்பதற்குள் அந்த நடுப்பகுதி 1.8 மீட்டர் விழுந்திருக்கும். கீழே கயிற்றை இறுக்கிக் கட்டி, 30 செ.மீ. நீட்சிக்குள் நிறுத்தினால் இழுவை எடையைப் போல் 7 மடங்கு. அதாவது கயிற்றில் 600 கிலோ, கப்பிப் பின்னில் 1,200 கிலோ. இது சராசரிதான், ஒரு கணம் இதைவிட மேலேயும் போகும். கையால் வலை இழுக்கிற படகுக் கப்பியின் பின் இதற்குச் செய்யப்பட்டது அல்ல.

அதே துண்டை 1.5 மீட்டர் தூரம் ஓடவிட்டு மெல்ல நிறுத்தினால் இழுவை 2.2 மடங்குதான். கயிற்றில் 190 கிலோ, கப்பியில் 380. கருவியை மாற்றாமலே பாரம் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. தரையில் நிற்பவரின் கை செய்கிற வேலை இது. அவர் வேலைக்குப் புதியவராக இருக்கக் கூடாது. மரம் ஏறத் தெரிந்தவரைவிடக் கயிறு விடத் தெரிந்தவர் கிடைப்பது அரிது.

வளையம் போட்டாலும் இந்த விதி மாறாது. சொல்லப்போனால் ஒரு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கப்பி வழியாக வரும் கயிறு மேலிருந்து அடிமரம் வரை முழு நீளமும் நீண்டு அதிர்ச்சியை வாங்கும். வளையத்தில் உராய்வு குறுக்கே நிற்பதால் துண்டின் பக்கத்துக் குட்டை நீளம்தான் முழு இழுவையையும் ஏற்கிறது. கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு வளையத்தை நம்பித் துண்டை விழவிட்டால் கப்பியைவிடக் கடுமையாக வெட்டி இழுக்கும். துண்டைக் குட்டையாக அறுங்கள். 1.2 மீட்டருக்குப் பதில் 60 செ.மீ. என்றால் எடையும் பாதி, விழும் தூரமும் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

தேவிபட்டினத்துக் கிளைக்கு வருவோம். அடியில் 25 செ.மீ., நுனிப்பக்கம் மெலிந்து சராசரி 18 செ.மீ. என்று வைத்தால் கட்டை மட்டும் 125 கிலோ. இலையும் சிம்பும் சேர்த்து 160 கிலோ என்றே திட்டமிடுங்கள். அடிப்பக்கம் கட்டி அறுத்தால் நுனி முதலில் சாயும், ஓடு நொறுங்கும். இதை நுனிப்பக்கமாகக் கட்டித் தூக்கித்தான் எடுக்க வேண்டும். கப்பியை நடுமரத்தில் எவ்வளவு உயரத்தில் முடியுமோ அவ்வளவு உயரத்தில், கிளை பிரியும் இடத்துக்கு மேலே கட்டுங்கள். கயிற்றைக் கிளையின் நடுவுக்கு வெளியே, நுனியை நோக்கி மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் கட்டுங்கள். அறுப்பதற்கு முன்பே கயிற்றை விறைப்பாக இழுத்துவைக்க வேண்டும். பிறகு கிளையின் மேல்பக்கம் வெட்டு வாயைத் திறந்து, அடியிலிருந்து அறுத்து, நடுவில் கீல் போலக் கொஞ்சம் மரத்தை விட்டுவைத்தால், இழுக்க இழுக்க நுனி மேலே எழும். கிளை கிட்டத்தட்ட நிமிர்ந்து நின்ற பிறகு கீலை அறுத்து நிதானமாக இறக்கலாம். அடிப்பக்கம் ஆடி வீட்டை நோக்கி வராமலிருக்க அதில் இன்னொரு மெல்லிய கயிற்றைக் கட்டித் தெருப்பக்கம் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

கீலில் நிற்கும்போதே எடையில் பெரும்பகுதி கயிற்றுக்கு வரும். கீல் அறுந்ததும் முழு 160. ரெண்டு பேர் கை இதற்குப் போதாது. தரையில் இரண்டு சிறு கப்பிகளை வைத்து மூன்று மடங்கு இழுவை அமைத்துக்கொள்ளுங்கள்; கைக்கு வருவது 60 கிலோவுக்குள் அடங்கும். இங்கே மேலே கப்பிக்குப் பதில் வளையம் போட்டிருந்தால் 160 கிலோவுக்கு 320 கிலோ இழுக்க வேண்டும். கிளை எழவே எழாது. எல்லாரும் தொங்கி இழுத்தால் திடீரென்று துள்ளும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் இந்த வேலையைக் காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். காற்று ஏறினால் தொங்கும் வேப்பங்கிளை பாய் விரித்த மாதிரிதான், எந்தக் கயிறும் அதை நிறுத்தாது.

கப்பி வாங்கும்போது சக்கரத்தின் விட்டம் கயிற்றின் பருமனைப்போல் குறைந்தது 4 மடங்கு இருக்கட்டும்; 12 மி.மீ. கயிற்றுக்கு 48 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பள்ளம் உருண்டையாக இருக்க வேண்டும். இரும்புக் கம்பிவடத்துக்கான குறுகிய பள்ளம் கயிற்றைக் கவ்வி அரைக்கும். சக்கரத்துக்கும் பக்கத்தகடுக்கும் இடையில் ஒரு தகர அட்டைகூட நுழையாத அளவு நெருக்கம் வேண்டும், இல்லையென்றால் கயிறு அங்கே போய்ச் செருகிக்கொள்ளும். திறந்த கொக்கி உள்ள கப்பியைத் தொடாதீர்கள்: கயிறு தளரும் கணத்தில் கொக்கி தானே கழன்றுவிடும். ஷேக்கிள் (பின் போட்டுப் பூட்டும் U வடிவ இரும்பு) போட்டு, அதன் பின்னைக் கட்டுக்கம்பியால் பூட்டிவிடுங்கள். மரத்தில் கட்ட, கிரேன்காரர்கள் வைத்திருக்கிற பாலியெஸ்டர் வட்ட பெல்ட் போதும். பச்சை நிறம் 2 டன், மஞ்சள் 3 டன். கழுத்தை இறுக்குகிற மாதிரி சுருக்குப் போட்டுக் கட்டினால் அந்தப் பலத்தில் 80 சதவீதம்தான் கிடைக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

மச்சான் அனுப்பிய வளையங்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். சுமைத் திறன் பொறித்திருக்கிறதா? கிலோ நியூட்டன் என்று இருந்தால் 1-க்கு ஏறத்தாழ 100 கிலோ. அறுபடும் பலம் என்று போட்டிருந்தால் அதை 5-ஆல் வகுத்ததுதான் உங்கள் வேலைச் சுமை. எதுவும் பொறிக்காதவை பாய்மரப் படகில் மெல்லிய கயிறு திருப்ப வைக்கிறவையாக இருக்கலாம். அவற்றை மரத்தில் போட வேண்டாம். சின்ன இரண்டும் அந்த வகையாக இருக்கும் என்பது என் ஊகம்.

அடுத்து ஓட்டையின் அகலத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கயிறு வளைவது ஓட்டையைச் சுற்றி அல்ல, வளையத்தின் தடிமனைச் சுற்றி. வளையத்தைத் தரையில் படுக்கவைத்து உயரத்தை அளந்தால் அதுதான் கயிற்றின் வளைவு. 12 மி.மீ. கயிற்றை 12 மி.மீ. உயர வளையத்தில் மடக்கினால் அந்த இடத்தில் கயிறு தன் பலத்தில் பாதி வரை இழக்கலாம். உயரம் 25 மி.மீ.க்குக் குறைந்தால் உங்கள் கயிற்றுக்கு அது சரிப்படாது. 25-க்கு மேல் இருந்தாலும் 4 மடங்கு வராது என்பதால் வளையத்தில் ஏற்றும் சுமையைக் கப்பியில் ஏற்றுவதைவிடக் குறைத்தே வையுங்கள்.

வளையத்தைச் சும்மா கயிற்றால் கட்டித் தொங்கவிடக் கூடாது. அதன் வெளிக்குழியில் கயிறு இறுக்கமாக உட்கார்ந்து, முனையைத் திருப்பி அதே கயிற்றில் பின்னிக் கண் போட்டிருக்க வேண்டும். படகுக் கயிறு புரி பிரித்துப் பின்னத் தெரிந்தவர்கள் பாம்பன், மண்டபம் பக்கம் நிறைய இருக்கிறார்கள். இந்தக் கட்டுக்கயிறு ஓடாது என்பதால் முறுக்கு ஆகும்: மூன்று புரி பாலியெஸ்டரில் 5 சொருகலுக்குக் (புரியைக் கயிற்றுக்குள் நுழைப்பது) குறையாமல் பின்னச் சொல்லுங்கள். வலைக் கயிற்றுக்குப் போடுகிற 3 சொருகல் இதற்குப் போதாது. வளையத்தை ஒட்டிக் கழுத்தில் வலை நூலால் நெருக்கிச் சுற்றிக் கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் தளர்ந்த நேரத்தில் வளையம் கண்ணை விட்டு வெளியே குதிக்கும்.

கீழே கயிற்றை அடிமரத்தில் சுற்றிப் பிடிக்கிறோமே, அந்த அடிமரச் சுற்று எத்தனை? மேலே கப்பி இருக்கும்போது இரண்டு சுற்று போட்டு இறக்கிப் பழகியிருப்பீர்கள். வளையத்துக்கு ஒரு சுற்றில் தொடங்குங்கள். ஒரு முழுச் சுற்று சொரசொரப்பான வேம்பில் இழுவையை ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்துவிடும், வழவழப்பான தென்னையில் அவ்வளவு பிடிக்காது. வளையமும் இரண்டு சுற்றும் சேர்ந்தால் சின்னத் துண்டு இறங்கவே இறங்காது. ஆள் கயிற்றைத் தளர்த்தித் தளர்த்தி விட, துண்டு அசையாமல் நின்று, பிறகு ஒரேயடியாக ஓர் அடி விழும். அந்த வெட்டு இழுப்புதான் ஆபத்து. முதலில் 20 கிலோக் கொம்பு ஒன்றை இறக்கிப் பார்த்து, கை எப்படி உணர்கிறது என்று தெரிந்துகொண்டு பெரியதுக்குப் போங்கள். சுற்றே போடாமல் கையால் மட்டும் பிடிக்கலாம் என்ற எண்ணம், வளையம் பாதியைப் பிடித்தாலும், வரவே கூடாது. அந்தக் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்வதும் கூடாது.

வளையத்தில் இன்னொரு தொல்லை உண்டு. துண்டு தரைக்கு வந்த பிறகு கயிறு தானாக மேலே ஏறாது, மேலே இருப்பவர் இழுத்தே ஆக வேண்டும். நாள் முழுக்க சின்னச் சின்னக் கொம்புகள் இறக்குகிற வேலை என்றால் அவர் கை ஓய்ந்துவிடும். அப்போது கப்பியே மேல்.

இரண்டையும் சேர்த்தும் போடலாம். கயிறு இரண்டு இடத்தில் திரும்புகிறது என்றால் சுமைக்கு அருகில் வளையம், அடுத்த திருப்பத்தில் கப்பி. உராய்வு முதலில் வந்துவிட்டால் பின்னால் இருக்கிற கட்டெல்லாம் பாதிப் பாரத்தோடு தப்பிக்கும். திருப்பம் எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு நல்லது: கயிற்றின் இரு பக்கமும் ஒட்டி நேராக இறங்கினால் கட்டுக்கு இரண்டு மடங்கு பாரம், செங்கோணமாக விரிந்தால் 1.4 மடங்கு. ஆனால் கோணம் விரிந்தால் வளையத்தின் உராய்வும் குறையும். செங்கோணத்தில் அது பாதியைப் பிடிக்காது, கால்பங்குதான் பிடிக்கும். அடிமரச் சுற்றை அப்போது கூட்ட வேண்டும்.

நம் கரையில் உப்புக்காற்று எந்தக் கருவியையும் விடுவதில்லை. வளையத்தின் மேல் உள்ள கடினப் பூச்சு தேய்ந்து வெறும் அலுமினியம் தெரிந்துவிட்டால் உப்பு அங்கே வெள்ளைப் பொடியாகப் பூக்கும், குழி விழும். விரல் நகத்தை உள்முகத்தில் ஓட்டுங்கள். நகம் சிக்குகிற இடத்தில் கயிறும் சிக்கும், அந்த வளையம் முடிந்தது. கயிற்றில் கறுப்பாகச் சாயம் ஒட்டத் தொடங்கினால் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். அலுமினியத்தோடு இரும்பு ஷேக்கிளைச் சேர்த்தே ஈரச் சாக்கில் போட்டுவைத்தால் அலுமினியம் அரித்துப்போகும், பிரித்து வையுங்கள். கப்பியின் அச்சில் மணலும் உப்பும் சேர்ந்தால் கரகரக்கும், சக்கரம் நின்றுவிடும். நின்ற கப்பி மோசமான வளையம். வேலை முடிந்ததும் கருவியையும் கயிற்றையும் கழுவுங்கள், ஆனால் போர் தண்ணீரில் அல்ல. பல ஊரில் அதுவே உப்பு. காவிரிக் குடிநீர் ஒரு வாளி போதும். கயிற்றை நிழலில் உலர்த்துங்கள். கடற்கரை மணலில் போட்டு இழுத்த கயிற்றை உதறாமல் மறுநாள் எடுக்காதீர்கள், உள்ளே புகுந்த மணல் ஒவ்வொரு இழுப்பிலும் புரியை அறுக்கும்.

தென்னையில் ஏறுவதற்கு முன் அடியிலிருந்து கைக்கு எட்டும் உயரம் வரை மரச்சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ஓட்டையிலிருந்து பழுப்புச் சாறு வழிந்தாலோ, சக்கை வெளியே தள்ளியிருந்தாலோ சிவப்புக் கூன்வண்டு உள்ளே இருக்கிறது. பொந்தான மரத்தில் வளையமும் கட்டக் கூடாது, கப்பியும் கட்டக் கூடாது, ஆளும் ஏறக் கூடாது. பக்கத்து மரத்திலிருந்து கயிறு கொடுத்தோ, கிரேன் வைத்தோதான் அதை எடுக்க வேண்டும். பனை வெட்டச் சொல்லி வந்தால், மாவட்ட ஆட்சியரின் அனுமதிக் கடிதத்தை வீட்டுக்காரரிடம் வாங்கிப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

மேலே ஏறுபவரின் உயிர்க்கயிறு தனியாக இருக்கட்டும். மரத்துண்டு இறக்கின கயிறு, வளையம், பெல்ட் எதுவும் அவருடைய இடுப்பு வாருக்குப் போகக் கூடாது. மறந்துபோய் மாற்றி எடுக்காமலிருக்க, இறக்கும் கருவிகள் எல்லாவற்றிலும் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு, தனிச் சாக்கில் வையுங்கள்.